ஒன்பதாம் எண் பேருந்தின் நாலு நிமிடம்

வாயில் பிரஷ்ஷும் நுரையுமாக நின்ற இடத்தில் அப்படியே நின்றுவிட்டாள் பொடிசு.

எதிரே கொடியில் அப்பாவின் மாற்றுச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. காக்கி. இடது பக்கப் பையின் மேல் சிவப்பு நூலில் மூன்று இலக்க டிரைவர் எண். அம்மாவே ஊசி எடுத்துத் தைத்தது.

அறுநூற்றுப் பதினேழு.

இருபது வருடமாகக் கண்ணெதிரே தொங்குகிற எண்தான். பார்த்ததில்லையா என்றால் தினமும் பார்த்திருக்கிறாள். படித்ததில்லை. வீட்டுக் கடிகாரத்தின் முகத்தில் என்ன கம்பெனி பெயர் என்று கேட்டால் உங்களில் எத்தனை பேர் எழுந்து போய்ப் பார்க்காமல் சொல்வீர்கள்? அந்தக் கதைதான்.

போன வாரம் பொடிசு எவ்வளவு துள்ளினாள் என்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் கடைசி வருடம். பட்டத்துக்கு இன்னும் நாலு கிரெடிட் பாக்கி. வகுப்பில் உட்கார்ந்து வாங்குகிற கிரெடிட் இல்லை இது. ஓர் அலுவலகத்தில் நூற்றிருபது மணி நேரம் வேலை பார்க்க வேண்டும். பார்த்த வேலையை அறிக்கையாக எழுத வேண்டும். பேராசிரியர் நேரில் வந்து கேள்வி கேட்பார். கடைசியில் அலுவலகத்து அதிகாரி, "இந்தப் பெண் எழுதியது சரி" என்று கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் அந்தக் கையெழுத்து பல்கலைக்கழகம் போய்ச் சேராவிட்டால் பட்டம் அடுத்த வருடம்தான். மேற்படிப்புக்குக் கிடைத்திருக்கும் இடமும் கைவிட்டுப் போகும்.

அவளுக்குக் கிடைத்தது பஸ் கழகத்தின் கால அட்டவணைப் பிரிவு. எடுத்துக்கொண்ட கேள்வி சின்னது. ஒன்பதாம் எண் பஸ் ஏன் சில நாள் மட்டும் நாலு நிமிடம் தாமதமாக வருகிறது? வீட்டிலேயே இரண்டு பேர் ஓட்டுகிற பஸ் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தாள். ஒருவர் அப்பா. இன்னொருவர் மாடி அறையில் இருக்கும் மாமா, அம்மாவின் ஒரே தம்பி.

இரண்டு மாதம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கண்டுபிடித்தும் விட்டாள். பால் பண்ணை நிறுத்தத்துக்கும் நீதிமன்ற நிறுத்தத்துக்கும் நடுவேதான் தாமதம். பதிமூன்று டிரைவர்கள் ஏழு நிமிடத்தில் கடக்கிற தூரம் அது. ஒரே ஒரு டிரைவருக்கு மட்டும் பதினொரு நிமிடம் ஆகிறது. பட்டியலில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான்.

அன்றைக்குச் சாப்பிடும்போது அவள் பேசிய பேச்சு இருக்கிறதே!

"யாரோ ஒரு சோம்பேறி, மாமா! நடுவுல வண்டிய நிறுத்திட்டு ஒரு குட்டித் தூக்கம் போடுறார் போல. அறிக்கையில நம்பரோட எழுதியாச்சு. மாட்டினார்!"

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போனார்.

இப்போது அந்த எண் கொடியில் ஆடிக்கொண்டிருந்தது.

"நுரை சட்டையில விழுந்தா நீதான் தோய்க்கணும்" என்று பின்னாலிருந்து அம்மாவின் குரல்.

பொடிசு ஓடிப்போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

"அம்மா, அப்பா நம்பர் எப்பவும் இதேதானா?"

"கல்யாணமானப்ப இதே நம்பர்தான். என் பிறந்த நாள் மறந்தாலும் மறப்பார், இது மறக்காது. ஏன் கேக்கற?"

"சும்மா."

"நீ சும்மா கேட்டு நான் பார்த்ததில்லையே."

"அப்பா போயிட்டாரா?"

"ஆறு மணிக்கே. உங்கப்பாவோட இருபத்தாறு வருஷமா குடித்தனம் பண்றேன். ஒரு நாள் எனக்காக ஒரு நிமிஷம் லேட்டாக் கிளம்பினாருன்னு சரித்திரம் கிடையாது."

 அதுதானே புரியவில்லை! வீட்டில் ஒரு நிமிடம் பிந்தாத மனிதர், ரோட்டில் நாலு நிமிடம் என்ன செய்கிறார்?

மாமா கொட்டாவி விட்டுக்கொண்டே மாடியிலிருந்து இறங்கி வந்தார். இன்றைக்கு அவருக்கு வார ஓய்வு.

"என்ன இன்ஸ்பெக்டர், இன்னிக்குத்தானே உங்க புரொபசர் வர்றாரு? முகம் ஏன் புளிச்ச மோர் மாதிரி இருக்கு?"

"தூக்கம் இல்ல மாமா."

"பயப்படாத. கேள்வி கேட்டா ஏழு நிமிஷம்னு சொல்லு. எந்தக் கேள்விக்கும் அதான் பதில்!"

சொல்லிக்கொண்டே ஃபிரிட்ஜ் மேல் இருந்த கேடயத்தை விரலால் ஒரு தட்டு தட்டினார். நேரம் தவறாமைக்காகப் போன வருடம் டிப்போவில் கொடுத்தது. அம்மா வாரம் தவறாமல் அதைத் துடைத்து வைப்பாள். தம்பி வாங்கிய கேடயம் ஆயிற்றே!

பொடிசு பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். டப்பாவில் அம்மா கட்டிக் கொடுத்த சாப்பாடு. பையில் முப்பத்திரண்டு பக்க அறிக்கை. அதில் பத்தொன்பதாம் பக்கத்தில் அப்பா.

*

கால அட்டவணைப் பிரிவு ஒரு நீளமான அறை. ஒரு பக்கச் சுவர் முழுக்க வழித்தடங்களின் வரைபடம். நடுவில் பிரிவு அதிகாரியான மேடத்தின் மேஜை. கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகக் கட்டியிருப்பார். யாரோடு பேசினாலும், கையைத் திருப்பாமலே நேரம் பார்த்துவிடலாம் பாருங்கள். நல்ல மனுஷிதான். ஆனால் பேச்சில் ஒரு காற்புள்ளி கூட வீணாக்க மாட்டார்.

"அறிக்கை ரெடியா?"

"ரெடி மேடம். ஆனா... ஒரு தடவை ஒன்பதாம் நம்பர்ல போயிட்டு வரட்டுமா?"

மேடம் நிமிர்ந்து பார்த்தார். "எதுக்கு?"

"ரெண்டு மாசமா அந்த பஸ்ஸத் திரையில மட்டுந்தான் பார்த்திருக்கேன். புரொபசர் கேட்டா..."

"நான் பதினோரு வருஷமா இந்தச் சீட்ல இருக்கேன். நானே அந்த பஸ்ல ஏறினதில்ல. எல்லாம்தான் கணக்குல வந்துடுதே" என்றார் மேடம். அப்புறம் என்ன நினைத்தாரோ, "சரி போ. மூணு மணிக்கு முன்னால இங்க இருக்கணும்" என்றார்.

அவர் சொன்னதும் உண்மைதான். ஒவ்வொரு பஸ்ஸிலும் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. ஆறு முக்கிய நிறுத்தங்களைத் தாண்டும்போது அது அலுவலகத்துக்கு நேரத்தை அனுப்பும். திரையில் ஆறு புள்ளி. புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே நேராக ஒரு கோடு. அந்தக் கோட்டில் எந்த இடத்தில் நாலு நிமிடம் ஒளிந்திருக்கிறது என்று கோடு சொல்லாது.

பதினொன்றரை வண்டி வந்து நின்றது. பொடிசு முன்வாசலில் கால் வைத்ததும் டிரைவர் இருக்கையிலிருந்து அப்பா திரும்பினார்.

"நீயா? காலேஜுக்கு இந்த பஸ் போகாதே."

"ஆபீஸ் வேலைப்பா."

அப்பா அவளை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான். கியரைப் போட்டார். அவர் தலைக்கு மேல், 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்ற பலகை. அப்பாவுக்கென்றே எழுதி மாட்டினாற்போல இருந்தது.

பொடிசு அவருக்குப் பின்னால் உட்கார்ந்து போனில் நேரம் குறிக்கும் கடிகாரத்தைத் திறந்து வைத்தாள்.

முதல் மூன்று நிறுத்தங்களும் நொடி பிசகவில்லை. பால் பண்ணை வந்தது. பொத்தானை அமுக்கினாள்.  சந்தேகமாகவே இருந்தது அவளுக்கு. டீக்கடையா? யாரையாவது பார்க்கப் போகிறாரா? மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா, எங்களுக்குத் தெரியாமல்? எந்த யோசனையும் அப்பாவுக்குப் பொருந்தவில்லை.

எதிரே மேம்பாலம் ஏறியது. லாரி, கார் எல்லாம் அதில் நேராகப் போய்க்கொண்டிருந்தன. அப்பா இடது பக்கக் கைகாட்டி விளக்கைப் போட்டார்.

பஸ் மேம்பாலத்தில் ஏறவில்லை. பாலத்தை ஒட்டி ஒரு சின்ன ரோட்டில் திரும்பியது. மூடிக்கிடந்த நூல் ஆலையின் வாசலைத் தாண்டி, செங்கல் தெரியும் வீட்டு வரிசைகளுக்குள் நுழைந்தது. ஆலைக் குடியிருப்பு. மூன்று வேகத்தடை. மூன்றிலும் யாருக்கும் முதுகு தூக்கிப் போடாமல் ஏற்றி இறக்கினார். மாடிகளில் துணி காய்ந்தது. ஒருவர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வைத்துச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் பம்ப் அறைக்குப் பக்கத்தில் துருப்பிடித்த ஒரு பலகை: பேருந்து நிறுத்தம், எண் ஒன்பது.

அப்பா நிறுத்தி ஒரு தடவை ஹாரன் அடித்தார். கதவைத் திறந்தார்.

யாரும் ஏறவில்லை. யாரும் இறங்கவில்லை. நிறுத்தத்தில் ஒரு பூனை மட்டும் படுத்திருந்தது. அதுவும் எழுந்திருக்கவில்லை.

"யாருமே இல்லையேப்பா?" பொடிசுக்குத் தாங்கவில்லை.

"இன்னிக்கு இல்ல."

"பின்ன எதுக்கு உள்ள வரணும்?"

"போர்டு இருக்குல்ல?"

கதவை மூடப் போனார். அப்போது இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு அம்மாள் துணி மூட்டையைத் தோளில் சாத்திக்கொண்டு ஓடி வந்தார். தையல்காரி போலிருக்கிறது. கழுத்தில் இன்னும் அளவு நாடா தொங்கியது. அப்பா காத்திருந்தார். மூட்டை முதலில் ஏறியது, அம்மாள் பிறகு.

"நல்லவேளை, ஹாரன் சத்தம் கேட்டுது" என்று பொடிசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "இந்த அண்ணன் டூட்டின்னா மூட்டைய தூக்கிட்டு இங்க வந்துடுவேன். இல்லேன்னா பாலம் வரைக்கும் நடைதான்."

"ஏன், மத்தவங்க வர மாட்டாங்களா?"

"மத்தவங்களா? நல்லாக் கேட்ட போ! பாலம் திறந்தாங்கல்ல, அன்னியிலேர்ந்து எல்லாரும் மேலயே பறந்துடறாங்க. இங்க பஸ் வரும்னு நம்பி நின்னு நின்னு எல்லாரும் ஓய்ஞ்சு போயிட்டாங்க. அதனால யாரும் நிக்கறதில்ல. யாரும் நிக்கலேன்னு அவங்களும் வர்றதில்ல."

நீதிமன்றம் வந்தது. பொடிசு பொத்தானை அமுக்கினாள்.

பதினொரு நிமிடம் ஆறு வினாடி.

 ஆக, அப்பா நாலு நிமிடம் நிற்கவில்லை. மற்ற பதிமூன்று பேரும் நாலு நிமிடத்தை விழுங்குகிறார்கள். அவள் அறிக்கையில் சோம்பேறி என்று எழுதாத குறையாக எழுதிய ஒரே மனிதர்தான் பஸ்ஸை முழுசாக ஓட்டுகிறவர்.

மருத்துவமனை வாசலில் கடைசி நிறுத்தம். மற்ற டிரைவர்களுக்கு அங்கே ஒரு டீ குடிக்க நேரம் உண்டு. அப்பாவுக்கு இல்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்கு குடித்தார்.

"ஏம்ப்பா சொல்லல?"

"யார்கிட்ட?"

"டிப்போல! லேட்டுன்னு உங்களை ஒண்ணும் கேக்கலையா?"

"ரெண்டு மெமோ குடுத்திருக்காங்க. மூணாவது வந்தா இந்த ரூட்லேர்ந்து எடுத்து யார்டுல போட்டுடுவாங்க. பஸ் கழுவற இடத்துல." ஏதோ பக்கத்து வீட்டுக்காரர் விஷயம் மாதிரிச் சொன்னார்.

"மெமோவா? அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா ஏன் லேட்டுன்னு கேப்பா. அதச் சொன்னா, மத்தவங்க எப்படி லேட்டாகாமப் போறாங்கன்னு அடுத்து கேப்பா." அப்பா பாட்டிலை மூடினார். "உங்கம்மா கேக்காம விடுவாளா? நீ யார் மாதிரின்னு நினைச்ச?"

பொடிசுக்குச் சட்டென்று ஃபிரிட்ஜ் மேல் இருந்த கேடயம் நினைவுக்கு வந்தது.

"அப்பா... மாமாவும் பாலத்து மேலதான் போறாரா?"

அப்பா கண்ணாடியைச் சரி செய்தார். ஏற்கெனவே சரியாக இருந்த கண்ணாடி.

"நான் யாரைப் பத்தியும் ஒண்ணும் சொல்லல. வண்டி எடுக்கணும், இறங்கறதுன்னா இறங்கு." பிறகு, அவள் படியில் கால் வைத்ததும், "அறிக்கையில நீ எழுதினது தப்பில்ல. உனக்குத் தெரிஞ்சத எழுதின. கையெழுத்து வாங்கிட்டு வா" என்றார்.

*

பேராசிரியர் மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். மூன்று மணி நாலு நிமிடத்துக்கு வந்தார். கழுத்தைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"மன்னிக்கணும். உங்க ஒன்பதாம் நம்பர்லயேதான் வந்தேன்" என்று சிரித்தார். "எங்க பொண்ணு சொன்ன லேட் வண்டி அதுதானான்னு தெரியல. பாலத்துல ஏறாம ஏதோ குடியிருப்புக்குள்ள எல்லாம் போயிட்டு வந்துது."

"குடியிருப்பா?" மேடம் சுவரிலிருந்த வரைபடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

பொடிசு எழுந்து நின்றாள். பேசுவதற்கு என்று இரண்டு மாதமாக மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. நாலு கிரெடிட்டும் கண்ணெதிரே மேஜையில் இருந்தன. கையெழுத்துப் போடவேண்டிய தாள், அதன் மேல் மேடத்தின் பேனா. பார்த்ததைச் சொல்லாமல் முப்பத்திரண்டு பக்கத்தையும் வாசித்தால் போதும், அரை மணியில் வேலை முடிந்துவிடும். அப்பாவுக்கு மூன்றாவது மெமோவும் போய்விடும்.

"சார், மேடம், முதல்ல ரெண்டு விஷயம் சொல்லணும். சேரும்போது ஒரு படிவம் குடுத்தீங்க. இந்த அலுவலகத்துல உறவுக்காரங்க இருக்காங்களான்னு. இல்லேன்னு எழுதினேன். டிரைவருங்க டிப்போக்காரங்கதானேன்னு நினைச்சேன். அறுநூத்துப் பதினேழு எங்கப்பா. இன்னிக்குக் காலையிலதான் தெரியும்."

பேராசிரியரின் சிரிப்பு நின்றது. மேடம் மணிக்கட்டைப் பார்க்கவில்லை.

"ரெண்டாவது?" என்று மட்டும் கேட்டார்.

"ரெண்டாவது, என் அறிக்கையோட முடிவு தப்பு."

வரைபடத்தின் முன்னால் போய் நின்று சொன்னாள். பாலம், இடது பக்கத் திருப்பம், பலகை, பூனை, தையல்கார அம்மாள் எல்லாவற்றையும். சொல்லச் சொல்லப் பயம் போய்விட்டது. என்ன ஆயிற்றென்று அறிய வேண்டும் என்ற அரிப்பு மட்டும் மிச்சம் இருந்தது.

"ஒண்ணு மட்டும் புரியல மேடம். உள்ள போயிட்டு வந்தா பதினோரு நிமிஷம் ஆகுதுன்னா, அட்டவணையில ஏன் ஏழுன்னு போட்டிருக்கு?"



மேடம் எழுந்து போய் அலமாரியிலிருந்து போன வருடக் கோப்பை எடுத்து வந்தார். புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"முன்னாடி பதினொண்ணுதான் இருந்துது" என்றார் மெதுவாக. "பாலம் திறந்து ஆறு மாசம் கழிச்சு மாத்தினோம். பெட்டி அனுப்பின நேரத்தையெல்லாம் சேர்த்து சராசரி எடுத்தோம். ஏழு வந்துது. பாலத்தால ரோடு காலியாயிடுச்சு, அதான் சீக்கிரம் வருதுன்னு நினைச்சேன்."

"வழி மாறிடுச்சுன்னு பெட்டி சொல்லல" என்றார் பேராசிரியர்.

"நானும் போய்ப் பார்க்கல." மேடம் கோப்பை மூடினார். அடியில் இருந்தது அவருடைய கையெழுத்துதான் என்று பொடிசு பார்த்துவிட்டாள். பார்க்காதது போலத் தலையைக் குனிந்தாள்.

பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "படிவத்தத் திருத்திக்கலாம். தெரியாம நடந்தது. ஆனா இன்னொரு சிக்கல் இருக்கும்மா. பதிமூணு பேர் தப்பு, ஒருத்தர் மட்டும் சரின்னு சொல்ற. அந்த ஒருத்தர் உங்கப்பா. ஆதாரம் நீ கேட்டதும் நீ பார்த்ததும். நான் இதுக்கு எப்படி கிரெடிட் குடுக்க முடியும்? வேற யாராவது சரிபார்க்கணும்."

"நான் பார்க்கறேன்" என்றார் மேடம்.

இருவரும் திரும்பினார்கள்.

"நாளைக்குக் காலையில முதல் வண்டி, ஆறு நாற்பது, உங்கப்பா டூட்டி இல்லாதது. டிக்கெட் எடுத்துட்டு சாதாரணப் பயணியா ஏறுவேன். அது பாலத்து மேல போச்சுன்னா, இவ சொன்னது சரி. அங்கயே கையெழுத்துப் போட்டுடறேன். குடியிருப்புக்குள்ள போச்சுன்னா..." தோளைக் குலுக்கினார். "அப்ப உன்கிட்ட பழைய அறிக்கையும் இல்ல, புது அறிக்கையும் இல்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள வேற எழுதவும் முடியாது."

"சரி மேடம்."

"ஒரு நிபந்தனை. இது இந்த மூணு பேரைத் தாண்டிப் போகக்கூடாது. டிப்போவுக்குத் தெரிஞ்சா நாளைக்கு ஒரு நாள் எல்லாரும் உள்ள போயிட்டு வருவாங்க. அப்புறம் பாலம்தான். உங்கப்பாகிட்டயும் சொல்லக்கூடாது. சொல்வியா?"

"சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தாள் பொடிசு.

வெளியே வந்து படியிறங்கும்போது மனசு லேசாக இருந்தது. ஒரே நாளில் அப்பாவும் நிமிர்ந்துவிடுவார், கிரெடிட்டும் வந்துவிடும். எல்லாம் ஒரு முதல் வண்டியில் இருக்கிறது. நாளைக்கு முதல் வண்டி யாருடையது என்று அவள் யோசிக்கவே இல்லை.

*

வீட்டுக்குள் நுழையும்போதே சூடான துணியின் மணம் வந்தது. அம்மா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா வந்து குளித்துவிட்டு ஜன்னலோரம் டீ தம்ளரோடு உட்கார்ந்திருந்தார். மத்தியானம் குடிக்காத டீ.

"கையெழுத்து?" என்றார்.

"நாளைக்குத் தர்றேன்னாங்க."

அப்பா மேலே கேட்கவில்லை. அம்மாவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

"ஏன் நாளைக்கு? இன்னிக்குப் பேனாவுல மை இல்லையா? புரொபசர் என்ன கேட்டார்? நீ என்ன சொன்ன? சாப்பாட்டு டப்பா ஏன் கனமா இருக்கு? சாப்பிடலையா?"

"ஒவ்வொண்ணா கேளும்மா!"

"ஒவ்வொண்ணா கேட்டா நீ எதுக்குமே பதில் சொல்றதில்ல. அதான் மொத்தமாக் கேட்டு வச்சேன்."

பொடிசு பையை மேஜையில் கவிழ்த்தாள். அறிக்கை, பேனா, டப்பா. அம்மா டப்பாவை எடுத்தாள். கையோடு அறிக்கையும் வந்தது. பத்தொன்பதாம் பக்கத்தில் விரித்துக்கொண்டது. அடிக்கடி திறந்த பக்கம் அப்படித்தான் தானாக விரியும். பதினாலு எண்கள், வேகமானவரிலிருந்து மெதுவானவர் வரை வரிசையாக.

பொடிசு கை நீட்டுவதற்குள் அம்மா படிக்க ஆரம்பித்துவிட்டாள். அடி வரிசைக்கு அவள் கண் போகவில்லை. மேலேயே நின்றுவிட்டது.

"எண்ணூத்து நாற்பது!" அம்மாவின் முகம் மலர்ந்தது. இஸ்திரிப் பலகையில் கிடந்த சட்டையைத் திருப்பினாள். பையின் மேல் அதே சிவப்பு நூல், அதே கைத்தையல். எட்டு, நாலு, சுழி. "நம்ம தம்பி நம்பர்டி! அவன்தான் முதல்ல இருக்கான்! ஆறு நிமிஷம் ஐம்பது செகண்டாம்!"

"அம்மா, அதைக் குடு..."

"எதுக்கு மறைக்கற? நல்ல விஷயந்தானே?" மாடிப்படி பக்கம் திரும்பி ஒரே கூப்பாடு. "டேய் தம்பி! கீழ வா! உன் மருமக அறிக்கையில நீதான் முதல்!"

அப்பாவின் தம்ளர் ஜன்னல் விளிம்பில் டக்கென்று உட்கார்ந்தது.

மாமா இரண்டு இரண்டு படியாக இறங்கி வந்தார். "எதுல முதல்? அழகுலயா?"

"ஒன்பதாம் நம்பர்ல! கேடயத்துக்கு இந்த வருஷமும் இடம் ஒதுக்கி வைக்கணும் போலிருக்கே! இந்தா, சட்டை. சூடா இருக்கு, பார்த்துப் பிடி. நாளைக்கு எத்தனை மணிக்குடா?"

"முதல் வண்டிதான்க்கா. ஆறு நாற்பது."



மாமா பாலத்தின் மேல் பறந்தால் அவளுக்கு நாலு கிரெடிட். அப்பாவின் மெமோவுக்கும் விடிவு. அந்தப் பாலத்தின் உச்சியில், மாமாவுக்கு நாலு வரிசை பின்னால், மேடம் உட்கார்ந்திருப்பார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை மாமாவின் காதில் போட்டால் அவர் சமர்த்தாக இடது பக்கம் திரும்பிவிடுவார். அப்போது அப்பா மறுபடியும் பட்டியலின் அடியில்.

சின்ன வயதில் சைக்கிள் ஓட்டும்போது, "நான் பிடிச்சிருக்கேன், நீ மிதி" என்று பின்னாலேயே ஓடி வந்தவர் இந்த மாமா. விட்டு வெகு நேரமான பிறகும் பிடித்திருப்பதாகவே சொல்லிக்கொண்டு வருவார்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பாவுக்கு எதுவும் தெரியாது. ஆனால் மகளுடைய முகம் தெரியும். அவர் அந்த முகத்தையும் மைத்துனர் கையிலிருந்த சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். தம்ளரை மறுபடி எடுக்கவில்லை.

"என்ன இன்ஸ்பெக்டர், சத்தத்தையே காணோம்?" மாமா சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டார். "கையெழுத்து ஆச்சா?"

"நாளைக்கு மாமா."

"எத்தனை மணிக்கு?"

"காலையிலேயே." வாக்கை மீறவும் மனமில்லை, மாமாவைத் தனியாக விடவும் மனமில்லை பொடிசுக்கு. "மாமா, உங்க வண்டியில நானும் வரட்டுமா? முதல் வண்டியில?"

"இதென்ன கேள்வி? உனக்கில்லாத இடமா?" மாமா அவள் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தார். "எனக்குப் பின்னால இருக்கிற சீட்லயே உக்காரு. ஏழு நிமிஷத்துல எப்படிப் போறதுன்னு நேர்லயே காட்டறேன்."